நீதி அமைச்சர் என்று ஒருவர் இல்லாத ஊரில் போலீஸ், குற்றம், வெளிநாட்டார் விவகாரம்: சேலத்துக்காரர் யாரைக் கேட்பது?

அடிவாரம்20 (கேள்வி)

வணக்கமுங்க. நார்வேயில் போலீஸ், ஜெயில், நீதிமன்ற நிர்வாகம், வெளிநாட்டார் வருகை, அகதி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நீதித்துறை அமைச்சர் ஒருவரே சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டுமாம். நம்மிடம் அந்த நாற்காலி எது என்பதில்தான் குழப்பம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதித் தரும் மனுக்களைப் பாருங்கள். முதல்வர், சட்ட அமைச்சர், உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி., கலெக்டர், எஸ்.பி. என்று பெறுநர் பகுதியே அரைப் பக்கம் ஓடும். உருப்படியாக ஒருவரிடமிருந்தும் பதில் வராது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. மலை மேலோ டவுனிலோ ஒரு ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அடுத்த படி என்ன, கடைசியில் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார்? ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர் வீட்டில் வெளிநாட்டுக்காரர் தங்கினால் எங்கே சொல்ல வேண்டும்? எஸ்டேட்டிலும் வெள்ளிப் பட்டறையிலும் வேலை செய்யும் வடமாநிலத்துக்காரர்களும் அதே கணக்கில்தான் வருவார்களா? பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது. "வக்கீலைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

---

வெட்டுத்தீர்மானம்

முதலில் நாற்காலி விஷயம்.

நார்வேயில் நீங்கள் சொன்னபடியே ஒரே அமைச்சகம்தான். ஆனால் அங்கேயும் அகதி விண்ணப்பம் ஒவ்வொன்றையும் அமைச்சர் எடுத்து முடிவு செய்வதில்லை. அதற்குத் தனி இயக்ககம் இருக்கிறது, மேல்முறையீட்டுக்குத் தனி வாரியம் இருக்கிறது. தனி ஆளின் கோப்பில் அமைச்சர் பொதுவாகக் கை வைக்க முடியாது. கொள்கைக்கும் நிர்வாகத்துக்கும்தான் அவர் பொறுப்பு. நம்மிடம் இல்லாத ஒன்று அங்கே உண்டு: ஒற்றை அமைச்சர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். நீதி, பொதுப் பாதுகாப்பு, குடிவரவு மூன்றையும் கையில் வைத்திருந்த சில்வி லிஸ்தாக் 2018 மார்ச் 20 அன்று பதவி விலகியது அப்படித்தான். எதிர்க்கட்சியைத் தாக்கிப் போட்ட ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக அவர் மேல் தீர்மானம் வந்தது, அது நிறைவேறும் என்று தெரிந்ததும் ஓட்டெடுப்புக்கு முன்பே விலகினார். நம் அரசியலமைப்பில் 75(3), 164(2) இரண்டுமே அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு என்கின்றன. அதனால் தீர்மானம் கொண்டுவந்தால் முழு அமைச்சரவை மேல்தான் கொண்டுவர முடியும்.

எல்லா நாட்டிலும் ஒரே நாற்காலி என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் உள்துறையிலிருந்து ஜெயில், நன்னடத்தை விவகாரங்களைப் பிரித்து 2007ல் தனியாக நீதி அமைச்சகம் அமைத்தார்கள். போலீசும் குடிவரவும் உள்துறையிடமே நின்றன.

நம்மிடம் இந்தப் பங்கீடு அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. மாநிலப் பட்டியலில் 1 பொது ஒழுங்கு, 2 போலீஸ், 4 சிறை. ஒன்றியப் பட்டியலில் 17 குடியுரிமையும் வெளிநாட்டாரும், 19 நாட்டுக்குள் வருவது, வெளியே போவது, பாஸ்போர்ட், விசா. குற்றச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் பொதுப் பட்டியலில் 1, 2. அதனால் நார்வே அமைச்சர் ஒருவர் சொல்லும் பதிலை இங்கே குறைந்தது மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

போலீசுக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாக முதல்வரே. எடப்பாடித் தொகுதிக்காரர் முதல்வராக இருந்த 2017–21லும் காவல்துறை அவரிடம்தான் இருந்தது, அடுத்து வந்தவரும் தன்னிடமே வைத்துக்கொண்டார். கோட்டையில் அந்தக் கோப்பு போகும் இடம் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சட்ட அமைச்சர் என்கிறோமே, அவர் கணக்கில் வருவது வழக்கமாகச் சட்டம், நீதிமன்றங்கள், சிறைச்சாலை. அஸ்தம்பட்டி மத்திய சிறைக்குள் நடப்பது பற்றி அவரைக் கேட்கலாம். பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் நடப்பது பற்றி அவருக்கு மனுப் போட்டால் அது உள்துறைக்குத் திருப்பப்பட்டு, அங்கிருந்து டி.ஜி.பி. அலுவலகம் வந்து, கடைசியில் எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அதே ஸ்டேஷன் மேசைக்கு வரும். இலாகா ஆட்சிக்கு ஆட்சி, சில நேரம் ஆட்சி நடுவிலும் கை மாறும். மனு எழுதும் நாளில் யாரிடம் எது என்று அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இலாகா பிரிந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூன் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளைப் பாருங்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். சாராயத்தைப் பிடிக்க வேண்டிய மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு போலீசின் ஒரு கிளை. போலீஸ் முதல்வரிடம், மதுவிலக்கு இலாகா வேறோர் அமைச்சரிடம். சபையில் எதிர்க்கட்சி முதல்வரைக் கேட்டது. மாவட்ட எஸ்.பி. இடைநீக்கம் ஆனார், கலெக்டர் மாற்றப்பட்டார், வழக்கு அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்குப் போனது. அமைச்சர் யாரும் பதவி விலகவில்லை. கூட்டுப் பொறுப்பு என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான், எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ.

சபை வழியாகக் கேட்க வேண்டுமென்றால்: ஏற்காடு சட்டமன்றத் தொகுதி (பழங்குடியினருக்கான தனித் தொகுதி) எம்.எல்.ஏ. மூலம் நட்சத்திரக் குறியிட்ட வினா. அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில்தான் பதில். போலீஸ் பற்றிய பெரிய விவாதம் மானியக் கோரிக்கை எண் 22 வரும் நாளில் நடக்கும். அன்று தரும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துப் படித்தால் கேள்வி எழுதுவது எளிது. "சேலம் மாவட்டத்தில் சட்டம் ஒழுங்கு எப்படி" என்று கேட்டால் "சிறப்பாக உள்ளது" என்று முடித்துவிடுவார்கள். ஏற்காடு ஸ்டேஷனுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்று நிரம்பியது எத்தனை, பெண் காவலர் எத்தனை, கேமரா எத்தனை, அதில் ஓடுவது எத்தனை என்று கேட்டால் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். 110 விதியின்கீழ் சபையில் படிக்கும் அறிக்கையை நம்பி உட்கார வேண்டாம். அதன்மேல் விவாதம் கிடையாது.

பலர் தவறும் இடம் ஒன்று. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் சேலம் மாவட்டம்தான், ஆனால் மக்களவைக்குக் கள்ளக்குறிச்சித் தொகுதி. விசா, குடியுரிமை சம்பந்தமாக மலைக்காரர் சேலம் எம்.பி.யிடம் மனுக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், தன் தொகுதி விவகாரமாக எடுக்க மாட்டார்.

அதே எம்.பி. வழியாக ஏற்காடு போலீசைப் பற்றிக் கேட்டாலும் பயனில்லை. மாநிலப் பொறுப்பில் உள்ள விஷயம் என்று கேள்வியே ஏற்கப்படாமல் போகலாம். ஏற்கப்பட்டாலும் ஒன்றிய உள்துறையின் பதில் "காவல், பொது ஒழுங்கு ஆகியவை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பொருள்கள்" என்ற வரியில்தான் தொடங்கும். அந்த ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்க 15 நாள் முன்னறிவிப்பு வேறு.

---

மனுக்கட்டு

மேலே சொன்னது மேல்மாடி. ஸ்டேஷன் வாசலில் நிற்பவருக்கு வேண்டியதை நான் சொல்கிறேன்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அதில் மனு எண் மட்டும் இருக்கும். எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவு மூன்றும் இருக்கும், ஒரு நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். "நம்பர் போட்டாச்சு" என்று ரைட்டர் சொன்னால் எந்த நம்பர் என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காசில்லாமல் கொடுக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173(2). இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இன்னும் பழைய சட்டத்தின் 154, 156(3) என்று எழுதித் தரும் மனு எழுத்தர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணோடு போனால் கோர்ட்டில் மனு ரிட்டர்ன் ஆக அதுவே ஒரு சாக்கு.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச் சட்டம் அதில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம், 173(3). ஆகவே "விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்" என்றால் சண்டை போட வேண்டாம். டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 14 நாள் எண்ணத் தொடங்கும் தேதி அதில்தான் கிடைக்கும்.

"இது எங்க எல்லை இல்ல" என்பது மலைப்பாதை விவகாரங்களில் சகஜம். கீழே மாநகரப் போலீஸ், மேலே மாவட்டப் போலீஸ். நடுவில் கொண்டை ஊசி வளைவில் நடந்தது எதில் சேரும் என்று புகார்தாரர் கண்டுபிடித்துத் தர வேண்டியதில்லை. 173(1)ல் "எந்த எல்லையில் நடந்திருந்தாலும்" என்றே எழுதியிருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மின்னஞ்சலில் அனுப்பினாலும் செல்லும், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட்டால் அது பதிவுக்கு வராது.

மறுத்தால் அடுத்த படி 173(4): புகாரின் சாரத்தை எழுத்தில், தபாலில் எஸ்.பி.க்கு. ஏற்காடு என்றால் சேலம் மாவட்ட எஸ்.பி. மாநகர ஸ்டேஷன் என்றால் போலீஸ் கமிஷனர், நகல் அந்தப் பகுதித் துணை கமிஷனருக்கு. சேலத்தில் இந்த இரண்டு அலுவலகத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எஸ்.பி.க்குக் கமிஷனர் மேலதிகாரி இல்லை, கமிஷனருக்கு எஸ்.பி.யும் இல்லை. இரண்டும் தனித்தனி வரிசை. எஸ்.பி.க்கு மேல் சேலம் சரக டி.ஐ.ஜி. (சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டம்), அதற்கு மேல் கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி.

நேரில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்புங்கள். சட்டத்தில் இருக்கும் சொல் தபால். பழைய பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்டரில் பதிவு, ஒப்புகை இரண்டும் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். கூரியர் ரசீதைக் கொண்டுபோனால் கோர்ட்டில் வீண் கேள்வி வரும். எஸ்.பி.க்கு இத்தனை நாள் கெடு என்று சட்டம் சொல்லவில்லை. பதினைந்து நாள் விட்டுப் பார்ப்பது நியாயமாக இருக்கும்.

அதன்பின் அந்த ஸ்டேஷன் எல்லைக்குரிய ஜூடிசியல் மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. அஃபிடவிட் கட்டாயம். கட்டில் இருக்க வேண்டியவை: ஸ்டேஷனில் கொடுத்த புகார் நகல், சி.எஸ்.ஆர்., எஸ்.பி.க்கு அனுப்பிய மனு, தபால் ரசீது, ஒப்புகை அட்டை அல்லது சேர்ந்ததற்கான இணைய அச்சு. இந்த இரண்டு படியும் ஏறாமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள். உயர் நீதிமன்றத்துக்கு ஓடினாலும் (சேலத்துக்குச் சென்னைதான், மதுரைக் கிளை இல்லை) முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போ என்பார்கள். 2007 சகிரி வாசு தீர்ப்பிலிருந்து அதுதான் நடைமுறை. போலீஸ் அதிகாரி மேலேயே புகார் என்றால் 175(4). அதில் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பையும் பார்த்துத்தான் உத்தரவு வரும், கூடுதல் காலம் பிடிக்கும்.

பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, ஆள் கடத்தல் போன்ற சில பிரிவுகளில் புகாரைப் பதியாத அதிகாரிக்கே பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 199ன்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மனுவின் கடைசிப் பத்தியில் அந்தப் பிரிவை ஒரு வரி குறிப்பிட்டால் போதும், மிரட்டல் தொனி வேண்டாம்.

சேர்வராயன் மலையில் முக்கியமானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இங்கே வாழும் மலையாளி மக்கள் (கேரளக்காரர் இல்லை) பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் அவர்கள் மேல் செய்த வன்கொடுமை என்றால் 18ஏ பிரிவுப்படி முதல்கட்ட விசாரணை என்ற பேச்சே கிடையாது, நேரே எஃப்.ஐ.ஆர். விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4வது பிரிவில் தண்டனை உண்டு. புகாரில் சாதிச் சான்றிதழ் நகல் இணைக்காமல் போவதால் பிரிவு விட்டுப்போகிறது. அப்புறம் சேர்க்க அலைய வேண்டும். கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல். தொலைபேசி 15100.

புகார் எழுதும்போது கெடுவது எங்கே தெரியுமா? நிலத் தகராறின் முப்பது வருட வரலாற்றை முதல் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, நேற்று நடந்த அடிதடியை மூன்றாம் பக்கத்தில் வைப்பார்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்று முடித்துவிடுவார்கள். தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார், காயம் எங்கே, எந்த ஆஸ்பத்திரி, இவ்வளவும் முதல் பத்து வரிக்குள் வர வேண்டும். நில வரலாற்றுக்கு ஒரே வரி.

ஸ்டேஷனுக்குள் ஏதாவது நடந்திருந்தால் கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி அன்றே எழுதிக் கொடுங்கள். 2020 டிசம்பர் பரம்வீர் சிங் சைனி தீர்ப்புப்படி 18 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் மனு இருந்தால்தான் பின்னால் "அழிந்துவிட்டது" என்ற பதிலுக்கு எதிராக நிற்க முடியும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

2013 காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாவட்டப் போலீஸ் புகார் ஆணையம் ஒன்று இருக்கிறது. கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பு கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை. எஸ்.பி.யின் ஆள் மேல் எஸ்.பி.யிடமே புகார் சொல்வதில் என்ன பலன் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

கோரிமேடு

மனுக்கட்டு அண்ணன் சொன்னதோடு ஒன்று. முதல்வர் உதவி எண் 1100க்குப் போன் போடுவதையும் முதல்வரின் முகவரியில் மனு ஏற்றுவதையும் 173(4)க்கு மாற்றாக எண்ணிவிட வேண்டாம். அந்த மனு அதே ஸ்டேஷனுக்கு இறங்கி, "மனுதாரர் விசாரிக்கப்பட்டார், மனு முடிக்கப்பட்டது" என்று ஏறிவிடும். தபால் ரசீது கையில் இருக்காது, மாஜிஸ்திரேட் கேட்பது அதைத்தான். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாள் மனுவுக்கும் இதேதான்.

எஃப்.ஐ.ஆர். ஏன் போட மறுக்கிறார்கள் என்பதற்கு சபையில் சொல்லப்படும் புள்ளிவிவரமும் ஒரு காரணம். எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்று அடுத்த நாள் பேப்பரில் வரும். சி.எஸ்.ஆர். எந்தக் கணக்கிலும் வராது. தேசியக் குற்ற ஆவண அமைப்பின் ஆண்டறிக்கையில் ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றமான கொலை மட்டும்தான் எண்ணப்படும். இதைத் தெரிந்துகொண்டு அமைச்சர் சொல்லும் எண்ணைப் படியுங்கள்.

---

காப்பிக்கொட்டை

ஹோம்ஸ்டே, வெளிமாநிலத்தார் இரண்டுக்கும் நான்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தின் இணையத் தளத்தில் பதிய வேண்டும். இதை மலையில் எல்லாரும் இன்னும் "சி ஃபார்ம்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய 1946 வெளிநாட்டார் சட்டம், 1939 பதிவுச் சட்டம் உட்பட நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டார் சட்டம் 2025 வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பு. தங்க இடம் கொடுப்பவர் கடமை அதில் 8வது பிரிவு. ஹோட்டல், ஹோம்ஸ்டே மட்டும் இல்லை, காசு வாங்காமல் வீட்டில் தங்கவைத்தாலும் சொல்ல வேண்டும்.

முதலில் தங்குமிடத்தைத் தளத்தில் பதிவு செய்து பயனர் கணக்கு வாங்க வேண்டும். விருந்தாளி வந்து நிற்கும்போது கணக்குத் தொடங்கினால் அனுமதி வருவதற்குள் 24 மணி ஓடிவிடும். சீசனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். மலை மேல் நெட் வராத நாளும் உண்டு. பாஸ்போர்ட் முகப்புப் பக்கம், விசாப் பக்கம், இந்தியாவுக்குள் இறங்கிய முத்திரை மூன்றையும் வந்தவுடன் போனில் எடுத்துக்கொள்ளுங்கள், அடிவாரம் வந்தாவது ஏற்றலாம். இ-விசாக்காரரிடம் விசா ஸ்டிக்கர் இருக்காது, அச்செடுத்த அனுமதித் தாளில் உள்ள எண்ணைப் போட வேண்டும். இந்தியாவுக்கு வந்த தேதியையும் உங்கள் வீட்டுக்கு வந்த தேதியையும் மாற்றிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பெயரை அவர் சொல்கிறபடி எழுதாமல் பாஸ்போர்ட்டின் கீழ் இரண்டு வரியில் இருக்கிறபடி எழுதுங்கள். ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர் நம் ஆள்தானே, தமிழ்தானே பேசுகிறார் என்று விடாதீர்கள். அவர் பாஸ்போர்ட் வெளிநாட்டுடையது. பதிந்துவிடுவதே பாதுகாப்பு.

நேபாளத்துக்காரர் இந்தியா வர விசா வேண்டியதில்லை, குடியுரிமைக்கான ஆதாரம் கையில் இருந்தால் போதும். விடுதிச் சமையல்கட்டில் வேலை செய்யும் நேபாளிப் பையனை "விசா எங்கே" என்று கேட்பது அறியாமை.

விருந்தாளி பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால் வரிசை இது: ஏற்காடு ஸ்டேஷனில் புகார், அந்த நகலோடு அவர் நாட்டுத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம், அதன்பின் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தின் இணைய வழியில் வெளியேறும் அனுமதி. இரண்டாவதை வாங்கிக்கொண்டு நேரே விமான நிலையம் போய்த் திரும்பி வருபவர்கள் உண்டு. மூன்றாவது இல்லாமல் ஏற்றமாட்டார்கள். படிப்பு, வேலை, ஆராய்ச்சி, மருத்துவ விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் தனியாகப் பதிவு செய்யும் கடமை விருந்தாளியுடையது. விசா முடிந்தும் தங்கினால் புதுச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம்.

இதில் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார் என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டமும் விசாக் கொள்கையும் ஒன்றிய உள்துறை அமைச்சர். பாஸ்போர்ட் வெளியுறவு அமைச்சர். ஆனால் சட்டவிரோதமாகத் தங்கியவரைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை 1958லேயே அரசியலமைப்பின் 258(1) வழியாக மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வேலை செய்வது நம் மாவட்டப் போலீஸ், அந்த வேலைக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்வது தில்லி. "மாநிலம் பார்த்துக்கொள்ளும்" என்று அங்கேயும், "ஒன்றியச் சட்டம்" என்று இங்கேயும் பந்தைத் தட்டிவிட வசதியான ஏற்பாடு.

இலங்கைத் தமிழர் முகாம்களும் இதே முடிச்சுதான். முகாம், உதவித்தொகை, வீடு எல்லாம் மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை. குடியுரிமை தில்லி. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 விலக்கு ஆணையில் விலக்குத் தந்திருக்கிறார்கள். அது வழக்குப் போடாமல் இருப்பதற்கான விலக்கு மட்டும்தான். குடியுரிமைக்கு அது வழி திறக்கவில்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

கடைசியாக வடமாநிலத்துக்காரர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர் சேலம் வருவது குடியேற்றமே இல்லை. அரசியலமைப்பின் 19(1)(டி), (இ) தரும் உரிமை. அவருக்கு விசாவும் கிடையாது, ஸ்டேஷன் அனுமதியும் கிடையாது. எஸ்டேட் மேனேஜரோ பட்டறைக்காரரோ செய்ய வேண்டியது தொழிலாளர் துறைத் தளத்தில் பதிவது, கூலி, தங்குமிடம், ஊருக்குப் போய்வரும் செலவு ஆகிய கடமைகளைப் பார்ப்பது. அதற்குப் பதில் சொல்பவர் தொழிலாளர் நலத்துறை அமைச்சர். ஸ்டேஷனில் ஆதார் நகல் கேட்டு வைப்பது பாதுகாப்புக்காக நடப்பது. அதை வைத்து அசல் ஆதாரையே பிடித்து வைத்துக்கொள்ள முதலாளிக்கும் உரிமை இல்லை, ஏட்டுக்கும் இல்லை. வங்காளம் பேசுகிறார் என்பதற்காக வங்கதேசத்தவர் என்று முடிவு கட்டவும் முடியாது. மேற்கு வங்காளம், திரிபுரா, அசாமின் பராக் பள்ளத்தாக்கு எல்லாம் இந்தியாதான்.

---

அடிவாரம்20

நன்றிங்க. இரண்டு துணைக் கேள்வி. எஃப்.ஐ.ஆர். போட்டபின் வழக்கு என்ன ஆனது என்று எப்படிக் கேட்பது? "விசாரணைக்கு வா" என்று ஸ்டேஷனிலிருந்து வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் போக வேண்டுமா?

---

மனுக்கட்டு

193(3)ன்படி 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு அவர்களே சொல்ல வேண்டும், வாட்ஸ்ஆப்பிலும் சொல்லலாம். வராவிட்டால் 91வது நாள் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு இன்ஸ்பெக்டருக்கு மனு, நகல் எஸ்.பி.க்கு. தகவல் உரிமையில் கேட்பதானால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாள். சாட்சி வாக்குமூலம் கேட்டால் 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள். "குற்ற எண் இன்னதில் இறுதி அறிக்கை தாக்கலானதா, எந்தத் தேதி, எந்தக் கோர்ட், தாக்கலாகவில்லை என்றால் இதுவரை விசாரணை அதிகாரியாக இருந்தவர்களின் பதவியும் காலமும்" என்று கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு.

கூப்பிடுவது பற்றி: சாட்சியாக என்றால் 179, குற்றம் சாட்டப்பட்டவராக என்றால் 35(3). இரண்டுக்கும் எழுத்தில் நோட்டீஸ். பெண்கள், 15க்குக் கீழ், 60க்கு மேல், உடல்நலம் இல்லாதவர் ஆகியோரைச் சாட்சியாக ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65 என்று இருந்தது, இப்போது 60. 35(3) நோட்டீஸ் வந்தால் அலட்சியம் வேண்டாம், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். தேதி ஒத்துவராவிட்டால் வேறு தேதி கேட்டு எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றைக்கே தபால்.

---

வெட்டுத்தீர்மானம்

அந்தத் தகவல் உரிமைப் பதிலைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் உள்ள எண்ணை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால் நட்சத்திர வினாவுக்கு அதுவே துணைக் கேள்வி. சபைக் கூட்டம் இல்லாத மாதம் என்றால் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது கொடுக்கலாம், ஆனால் நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை எடுக்க மாட்டார்கள். 175(3) மனு போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.